எதிர்ப்பக்கத்து இலை

உத்திரமேரூர் ஏரிக்கரையைத் தாண்டிய பிறகுதான் என் முழங்கை வரை பச்சை பெயிண்ட் காய்ந்திருப்பதைப் பார்த்தேன். வாழை இலைப் பச்சை. கழுவுவதற்காகத் திரும்பிப் போக முடியாது. தோளில் ஒரு பை. அதற்குள் ஆறு பிரஷ், ஒரு லுங்கி, இரண்டு சட்டை, செல்போன் சார்ஜர். காஞ்சிபுரம் போகிற பஸ் ஒன்று என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. நான் கை காட்டவில்லை. கண்டக்டர் என்னவோ சொல்லிவிட்டு விசில் அடித்தார்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. திருமுக்கூடல் பக்கம் போகலாம் என்று நினைத்தேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. அதுதான் காரணம்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். செங்கல் சூளை, லாரியில் கிளீனர், கோழிப்பண்ணை, போர்டு எழுதுகிறவர் ஒருவரிடம் இரண்டு வருஷம், பிறகு பெயிண்ட் கான்ட்ராக்டர்களோடு ஊர் ஊராக. எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. வேலை முடிந்தால் கிளம்புவேன். இந்த முறை வேலை பாக்கி இருக்கும்போதே கிளம்பிவிட்டேன்.

நான் விட்டு வந்த இடம் ஒரு கல்யாண மண்டபம். செங்கல்பட்டு போகிற சாலையில், வயல்களுக்கு நடுவில். நெல் வியாபாரம் செய்கிற முதலாளி ஒருவர் கட்டியது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் அந்த ஒரு மாதத்தில் மண்டபம் முழுக்கப் பெயிண்ட் அடித்து, ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் புதிதாக நிற்க வேண்டும் என்றார். ஆறு பேர் வந்தோம். சுவர் வேலை முடிந்ததும் ஐந்து பேர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்கு எழுத்து வரும் என்பதால் வாசல் வளைவில் மண்டபத்தின் பெயரை எழுதவும், சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் கரை போடவும் என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் அந்த அக்காவைப் பார்த்தேன். நான் ஏணி மேல் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். கீழே துடைப்பத்தோடு நின்ற ஒரு பெண் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்.

"தம்பி, மூணாவது எழுத்து வயிறு உப்பிக்கினு கீது. புள்ளத்தாச்சி மாதிரி."

இறங்கி வந்து தூரத்தில் நின்று பார்த்தேன். உண்மைதான். ஏறிப் போய்ச் சரிசெய்தேன். அவர் சிரித்துவிட்டுப் பெருக்கப் போனார்.

நாற்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கல்யாண நாட்களில் சமையல் கான்ட்ராக்டரோடு வந்து பந்தியில் பரிமாறுகிறவர். ஆடியில் வேலை இல்லாததால் மண்டபத்தைக் கூட்டித் துடைக்க முதலாளி வைத்திருந்தார். இருபது வருஷமாக அவருடையது சாம்பார் வாளி. இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி. இடது தோள் போய்விட்டது. கையைத் தோளுக்கு மேல் தூக்க வராது. தலைமுடியை வலது கையால் மட்டுமே சுற்றி முடிந்துகொள்வார். பாரம் தூக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு என்ன செய்வது என்று டாக்டர் சொல்லவில்லை.

மண்டபத்தில் மிஞ்சிக் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் அவர் பால்பென்னால் வரைவார். எல்லாம் சாப்பாடுதான். ஒரு பத்திரிகை முழுக்க ஒரே ஒரு அப்பளம், அதன் கொப்புளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. இன்னொன்றில் பாதி கடித்த ஜாங்கிரி. கிட்டே வைத்துப் பார்த்த மாதிரி இருக்கும். கோடு நடுங்கவே நடுங்காது. ஓடுகிற பந்தியில் ஒரு சொட்டு சிந்தாமல் சாம்பார் ஊற்றுகிற கை அது.

சாப்பாட்டுக் கூடத்தின் பெரிய சுவரில் ஒரு விருந்துப் படம் வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. செல்போனில் ஒரு ஃபிளெக்ஸ் மாதிரியை என்னிடம் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"அண்ணா, அந்தப் படத்த நான் வரைஞ்சா ஒத்துக்குவீங்களா?"

"நீயா? எதுல, சாம்பார்லயா?"

"பெயிண்ட்லதான்."

அவர் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கொஞ்சம் யோசித்தார். "சரி. ஒரு பிளைவுட் பலக கீது, தரேன். மிச்ச பெயிண்ட்ட எடுத்துக்கோ. வரைஞ்சு காட்டு. பார்த்தா எனக்குப் பசி எடுக்கணும். எடுத்துச்சுனா பலகைய இங்கயே மாட்டிர்றேன். மாப்ள பொண்ணு பேரு எழுதுறது, மேடை வேல, எல்லாத்துக்கும் காஞ்சிபுரத்துல இருந்து ஆளு வர்றான், அந்த வேலயையும் நீயே பாத்துக்கோ. உக்காந்த எடத்துல வேல. பசி எடுக்கலனா ஆவணில வாளியத் தூக்கிக்கோ."

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, எனக்கு பிரஷ் புடிக்கத் தெரியாது. நீ பக்கத்துல இருந்து தப்ப தப்புனு சொல்லு. போதும்."

ஒத்துக்கொண்டேன். இன்னும் மூன்று வாரம் இருந்தது.

எனக்குப் போர்டு எழுதக் கற்றுக்கொடுத்தவர் தப்பு செய்தால் பிரஷ்ஷின் பின்பக்கக் கட்டையால் விரல் முட்டியில் தட்டுவார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும், அதுவரை தட்டு விழும். நான் அப்படி இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். செல்போனில் ஓவியம் சொல்லித்தரும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. நான்கைந்து பார்த்தேன். முதலில் நன்றாக இருப்பதைச் சொல்ல வேண்டும். பிறகு மாற்ற வேண்டியதை ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். எப்படி மாற்றுவது என்றும் சொல்ல வேண்டும். ஒரு வாத்தியாருக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தேன்.

பலகையை ஸ்டோர் ரூமில் சாய்த்து வைத்தோம். அக்கா ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து வரைவார். முடிகிற வரை முதலாளி பார்க்கக் கூடாது என்று ஒரு பழைய ஜமக்காளத்தால் மூடி வைப்பார். அவருக்கும் நெல் கொள்முதல் நேரம், வந்து பார்க்கப் பொழுதில்லை.

முதல் வாரம் படம் நேர் மேலிருந்து பார்த்த மாதிரி இருந்தது. பலகை முழுக்க இலை. வெளியே எதுவும் கிடையாது. மேல்பாதியில் சோறு, கீழ்பாதியில் பொரியல், கூட்டு, பச்சடி, வடை, ஊறுகாய்.

"நல்லா இருக்குக்கா. வடையோட ஓரம் மொறுமொறுன்னு தெரியுது," என்றேன். "ஆனா நடுவுல ஓட்டை இருக்கு பாருங்க."

"ஓட்டைக்கு இன்னா?"

"கருப்பா இருக்கு. டயர் மாதிரி."

"எங்க கான்ட்ராக்டர் வடைய நீ துன்னதில்ல. அதுக்கு டயரே தேவலாம்."

"ஓட்டைக்குள்ள பார்த்தா என்னக்கா தெரியும்?"

கண்ணை மூடி யோசித்தார். "இலதான் தெரியும். எண்ண பட்டு கொஞ்சம் கருத்துக்கினு, பளபளன்னு."

"அதைப் போடுங்க."

போட்டார். வடை உடனே வடையாகிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அன்று சந்தோஷம். எதைச் சொன்னாலும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார். பருக்கை பருக்கையாக வரைந்திருந்த சோற்றை, ஓரத்தில் மட்டும் பருக்கை காட்டி நடுவில் வெளிச்சமும் நிழலுமாக மாற்றச் சொன்னேன். மறுநாளே மாற்றியிருந்தார். சோற்றின் நடுவில் ஒரு குழி விட்டிருந்தார், சரியாக ஒரு கரண்டி சாம்பார் பிடிக்கிற குழி.

சோறு மேலே இருப்பதைப் பார்த்து அமைப்பு அழகாக இருக்கிறது என்று பாராட்டினேன். "மலை மாதிரி பின்னாடி நிக்குது, முன்னாடி தோட்டம் மாதிரி காயெல்லாம்," என்றேன். இதை நான் என் வாயால் சொன்னேன்.

இரண்டாவது வாரம் பலகையின் மேல் விளிம்பிலிருந்து ஏதோ ஒன்று சோற்றை நோக்கி இறங்கியிருந்தது. ஐந்து வெண்டைக்காய்களை அடுக்கி வைத்தது போல.

"இது என்னக்கா?"

"கை. சோத்துல வெக்கப் போற கை. கை இல்லாம எப்படி? அவங்க கைய நீட்டி குழி பண்ணாத்தான் நான் ஊத்துவேன்."

விரல்கள் எல்லாம் ஒரே நீளம். முட்டி இல்லை, நகம் இல்லை. என் விதிப்படி முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. "அக்கா, கிட்டப் பார்க்கிற படம்னா சாப்பாடு மட்டும்தான் இருக்கணும். கை வந்தா கண்ணு கைக்குப் போயிடும்," என்றேன். வீடியோவில் கேட்ட மாதிரியே சொன்னேன்.

உண்மை அது இல்லை. எனக்குக் கை வரைய வராது. போர்டு எழுதுகிறவரிடம் இருந்த இரண்டு வருஷமும் நல்வரவு சொல்லும் பெண்ணின் உடம்பை நான் வரைவேன், கூப்பிய கையை மட்டும் அவர் வந்து முடிப்பார். இந்தக் கையைத் திருத்து என்று சொன்னால், எப்படி என்று அக்கா கேட்பார். கேட்டால் நான் வரைந்து காட்ட வேண்டும்.

அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பெயிண்ட் காயவில்லை. ஈரத்துணியை எடுத்துத் துடைத்தார். "நீ சொன்னா சரி," என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குப் பாடம் சொல்கிற ருசி ஏறிவிட்டது. "படம் தரையில படுத்துக் கிடக்குக்கா. எழுந்து நிக்கணும். நேரா மேல இருந்து பார்க்காம, கொஞ்சம் சாய்வாப் பார்க்கிற மாதிரி வரைங்க. உயரம் தெரியணும்."

"குனிஞ்சு ஊத்துறப்ப தெரியுமே, அந்த மாதிரியா?"

"அதேதான்."

நான்கு நாள் அதிலேயே இருந்தார். சோறு உண்மையாகவே மேடாகியது. அப்பளத்தை அதன் மேல் சாய்த்து நிறுத்தினார். வடைக்கு அடியில் நிழல் விழுந்தது. இலைக்குப் பக்கத்தில் சின்னத் தண்ணீர் பாட்டில் ஒன்றை நிற்க வைக்கச் சொன்னேன், வைத்தார். சோற்றிலிருந்து ஆவி எழும்ப வேண்டும் என்றேன். வெள்ளையைத் தண்ணீராகக் கரைத்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றி ஆவி எழுப்பினார். ஆவிக்குப் பின்னால் சோறு தெரிந்தது. அதை நான் சொல்லித் தரவில்லை.

அந்தப் படம் நன்றாக இருந்தது. இப்போதும் சொல்கிறேன். அதன் முன்னால் நின்றால் எனக்குப் பசித்தது.

முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் சமையல் ஆட்கள் அடுப்பு, அண்டாவோடு வந்து இறங்கினார்கள். பலகையைக் கூடத்துக்குத் தூக்கிவந்து சுவரில் சாய்த்தோம். அக்கா ஜமக்காளத்தை எடுத்தார். சமையல் மாஸ்டர் வெங்காயம் உரித்த கையோடு வந்து நின்றார்.

"யக்கா, இது நீ போட்டதா? நாளைக்கு நான் அடுப்பே பத்த வெக்க வேணாம் போல கீதே. ஆளுக்கு ஒரு தடவ இத்தக் காட்டி அனுப்பிச்சிடலாம்."

"காட்டு. உன் சமையலுக்கு இது தேவலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முதலாளி வந்தார். செல்போனைப் பையில் வைத்துவிட்டுப் பார்த்தார். கிட்டே போனார். "அடேங்கப்பா. வடைய எடுத்துத் துன்னலாம் போல கீது," என்றார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதலாளி இரண்டடி பின்னால் வந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார், வலது கையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது. நுனி இந்தப் பக்கம் கீது?"

நான் பார்த்தேன். இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு நுனி இடது கைப் பக்கம் வர வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படத்தில் நுனி வலது பக்கம் இருந்தது. சோறு சாப்பிடுகிறவருக்குக் கிட்டே இருக்க வேண்டும். படத்தில் தள்ளி, அந்தக் கோடியில் இருந்தது. மூன்று வாரம் வடையின் ஓட்டையையும் அப்பளத்தின் கொப்புளத்தையும் பார்த்த நான் இலையைப் பார்க்கவே இல்லை.

"இருபது வருஷம் பந்தில நின்னவ இலையத் திருப்பிப் போட்டு வெச்சிக்கீற? சாவுக் காரியத்து இல மாதிரி கீது. கல்யாணத்துக்கு வர்றவன் இத்தப் பார்த்தா என்னை செருப்பால அடிப்பான்."

"நான் இலைய தப்பா போடுவனாண்ணா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "நல்லாப் பாருங்க. சரியாத்தான் கீது. சாப்புடுறவங்க அந்தாண்ட கீறாங்க."

பலகைக்குப் பின்னால் கை காட்டினார். எல்லோரும் அங்கே பார்த்தார்கள். சுவர்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பரிமாறுகிறவர் எதிர்ப்பக்கம் நிற்பார். அவருக்கு நுனி எப்போதும் வலது கைப் பக்கம்தான். சோறு எப்போதும் அந்தக் கோடியில்தான். அக்கா எதையும் தப்பாக வரையவில்லை, இருபது வருஷமாகப் பார்த்ததை வரைந்திருந்தார்.

"அந்தாண்ட சுவருதாம்மா கீது," என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை. "பார்க்கப் போறவன் யாரு? துன்ன வர்றவன். அவனுக்கு நேரா இருக்கணுமா இல்லையா?"

அக்கா ஜமக்காளத்தை மடிக்கத் தொடங்கினார்.

"திருப்பி மாட்டினா சரியாயிடும்ணே," என்றேன். நானும் மாஸ்டரும் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தோம். நுனி இடது பக்கம் வந்தது, சோறு கிட்டே வந்தது. ஆனால் தண்ணீர் பாட்டில் வௌவால் மாதிரி தொங்கியது. அப்பளம் எதிலும் சாயாமல் ஆகாயத்தில் நின்றது. ஆவி சோற்றிலிருந்து கீழே பால் மாதிரி ஊற்றியது. யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் "சும்மா இருங்கடா" என்றார்.

முதல் வாரத்துப் படமாக இருந்திருந்தால் திருப்பியிருக்கலாம். நேர் மேலிருந்து வரைந்த இலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் இலைதான். அதை எழுந்து நிற்க வைத்தவன் நான்.

"மேல ஒரு கை வரைஞ்சிடலாம்ணே," என்றேன். "எதிர்ல ஆள் உக்காந்திருக்கார்னு புரிஞ்சிடும்."

"கை வெச்சா எச்சில் இல நைனா. பந்தி நடக்குற எடத்துல எச்சில் இலைய மாட்டச் சொல்றியா?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீதான கூட இருந்து சொல்லிக்குடுத்த? உனக்கும் தெரியலியா?"

"கவனிக்கலண்ணே."

அவர் பலகையை இன்னொரு தடவை பார்த்தார். "வேல நல்லாத்தான் கீது. ஆனா நாளைக்குக் காலைல முகூர்த்தம். நான் இன்னா பண்றது," என்று அக்காவிடம் சொன்னார். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஃபிளெக்ஸ் கடையில் பேசினார். சாயங்காலம் வந்துவிடும் என்றார்கள் போலிருக்கிறது. சமையல் ஆட்கள் அடுப்புப் பக்கம் போனார்கள். அக்காவும் அவர்களோடு போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

நான் தனியாக நின்றேன். சும்மா நிற்க முடியவில்லை. நுனியை மட்டும் இடம் மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றியது. யாரையும் கேட்கவில்லை. பச்சை கலக்கினேன். வலது பக்கத்துக் கூர்மையை அகலமாக்கினேன், இடது பக்கத்தைக் குறுக்கினேன். குறுக்கியபோது ஊறுகாய் இலைக்கு வெளியே போனது. அதை மறைக்கப் போய்ப் பச்சடியில் கை பட்டது. ஒரு மணி நேரம் அடித்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் நுனி இல்லாமல் அது பாய் மாதிரி ஆகிவிட்டது. பாயின் மேல் வடை.

அக்கா வந்து பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. திரும்பியபோது நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பிரஷ்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார். நானும் போனேன். அவர் ஒவ்வொன்றாகக் கழுவினார்.

"தம்பி, நீ எப்பனா பந்தில உக்காந்து சாப்புட்டுக்கீறியா?"

"சின்ன வயசுலக்கா. அப்புறம் ஓட்டல் தட்டு, பார்சல்."

"நானும் உக்காருவேன். உக்காந்தா பக்கத்து இலைக்கு சாம்பார் வந்துச்சான்னு பாத்துக்கினே இருப்பேன். பாதில எயுந்துடுவேன். என் தங்கச்சி கல்யாணத்துலயே வாளிய வாங்கிக்கினேன்." தண்ணீரை மூடினார். "நல்ல வாத்தியாரு, நல்ல ஸ்டூடண்ட்டு."

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தக் கையை விட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்க்கா. நான்தான் துடைக்கச் சொன்னேன். எனக்குக் கை வரைய வராது. அதனாலதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த நாளில் அவர் முகத்தில் கோபத்தைப் பார்த்தது அப்போது மட்டும்தான்.

"அத்த அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து கத்துக்கினு இருப்போமே."

நான் ஒரு பிரஷ்ஷை எடுத்துத் தண்ணீரை உதறினேன்.

"இன்னொரு பலகை வரையலாம்க்கா. நான் கூட இருக்கேன்."

"எப்ப? நாளைலேர்ந்து வரிசையா முகூர்த்தம். வாளி தூக்கிட்டு வூட்டுக்குப் போனா எனக்குத் தலை சீவவே கை வராது." பிரஷ்களை ஒரு துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "வுடு. காலைல நாஷ்டா துன்னியா இல்லியா? உள்ள உப்புமா கீது, போய்த் துன்னு."

நான் உள்ளே போனேன், சாப்பிடவில்லை. பலகையை யாரோ ஸ்டோர் ரூமில் வெங்காய மூட்டைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். பாத்திரங்கள் அடுக்கிய இடத்தில் அக்கா சாம்பார் வாளி ஒன்றை எடுத்தார். காலி வாளிதான். இடது கையால் தூக்கினார், முழங்கால் உயரத்திலேயே வைத்துவிட்டார். வலது கையால் தூக்கினார், சுலபமாக வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். வாளி வலது கையில் இருந்தால் கரண்டி இடது கையில் இருக்க வேண்டும். இடது கையால் யாரும் பந்தியில் பரிமாற முடியாது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, தோளில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மறுபடியும் இடது கையால் தூக்கினார். இந்த முறை இடுப்பு வரை வந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் என் பையை எடுத்தேன். சொல்லிக்கொள்ளவில்லை. சுவரில் ஒரு பக்கத்துக் கரை பாக்கி இருந்தது. ஃபிளெக்ஸ் வந்து அதை மூடிவிடும்.

ஏரிக்கரையிலிருந்து நடந்தவனை வழியில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று ஏற்றிக்கொண்டது. இருட்டுவதற்குள் திருமுக்கூடல் வந்துவிட்டேன். ஆற்றில் நிறைய மணலும் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீரும் இருந்தது. சாலையோரத்து டீக்கடையில் பெஞ்சு கேட்டேன், படுத்துக்கொள் என்றார்கள். தூங்கினேன். எந்த ஊரிலும் எனக்குத் தூக்கம் வரும்.

விடியற்காலையில் டீக்கடை வாசலில் ஒரு வேன் நின்றது. மேலே அண்டாக்கள், உள்ளே ஆட்கள். கல்யாணச் சமையல் வேன். முகூர்த்த நாள், எல்லா ஊரிலும் ஆள் தட்டுப்பாடு. கழுத்தில் துண்டு போட்டவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாப்பா, சும்மாதான கீற? வேலைக்கு வர்றியா? ஒரு ஆளு வரல."

"வரேண்ணே."

"பரிமாறத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இல போடு." என் கையைப் பார்த்தார். "இன்னா அது பச்சை? முன்னாடியே இல போடுற வேலைல இருந்தியா?"

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெயிண்ட் என்றேன். ஏறச் சொன்னார்.

பத்து நிமிஷத்தில் ஒரு மண்டபம். நீளமான மேசைகள், ஒரு பக்கம் மட்டும் நாற்காலிகள். நாற்காலி இல்லாத பக்கத்தில் என்னை நிறுத்தி, தண்ணீர் தெளித்த இலைக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார் துண்டுக்காரர்.

"நுனி அவங்களுக்கு இடது கை, உனக்கு வலது கை. மாத்திப் போட்ட, பேஜார் ஆயிடும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்றேன். இந்நேரம் அக்கா இருக்கிற மண்டபத்திலும் முதல் பந்திக்கு ஆட்கள் உட்காரத் தொடங்கியிருப்பார்கள். நாற்காலிகள் இன்னும் காலியாக இருந்தன. கட்டைப் பிரித்து முதல் இலையை எடுத்து மேசை மேல் போட்டேன். நுனி என் வலது கைப் பக்கம். ஒரு அடி நகர்ந்து அடுத்த இலையைப் போட்டேன்.